'வால்நட்' என்பதில் இருக்கும் 'வால்' எங்கிருந்து வந்தது?

"வால்நட் என்ற பெயரின் முன்னால் நிற்கும் 'வால்' என்ன? ஒருவர் சுவர் என்கிறார், இன்னொருவர் அது வேல்ஸ் நாட்டுக் கொட்டை என்கிறார். எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுவருக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. வேல்ஸ் என்றவர் சொன்னது பாதி சரி. அந்தக் கொட்டை வேல்ஸிலிருந்து வரவில்லை. ஆனால் வேல்ஸ் என்ற நாட்டுப் பெயரும் வால்நட்டின் முன்பாதியும் ஒரே வேர்ச்சொல். பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியா, போலந்துக்காரர்களும் ஹங்கேரியர்களும் இத்தாலிக்கு வைத்திருக்கும் பெயர்கள், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் முன்னோரின் நாட்டைச் சொல்லும் பெயர் எல்லாமே அதிலிருந்து வந்தவைதான். ஐரிஷ் கடலிலிருந்து கருங்கடல் வரை ஒரு வில் வரைந்தால், அந்த வில் நெடுக இந்தச் சொல் கிடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நம் சமையலறையில் இருக்கும் ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்: பறங்கிக்காய். அது அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய காய். ஐரோப்பியர் வழியாக வந்த காய் என்பதால், ஐரோப்பியரைக் குறித்த 'பறங்கி' அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வால்நட் என்ற பெயரும் இதே முறையில் உருவானதுதான். பறங்கியை ஓரமாக வைத்திருங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

ஜெர்மானிய மொழிகளின் மூதாதை மொழியில் 'வல்ஹஸ்' என்றொரு சொல் இருந்தது. எந்த நூலிலும் அந்த வடிவம் எழுதிவைக்கப்படவில்லை. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகளின் பழைய வடிவங்களை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் மீட்டெடுத்தது. அதற்குப் பொருள் அயலான், நம் மொழி பேசாதவன். ஆனால் எல்லா அயலாரையும் அப்படிச் சொல்லவில்லை. கிழக்கே இருந்த ஸ்லாவியரை ஜெர்மானியர் 'வெண்ட்' என்ற வேறு பெயரால் அழைத்தார்கள். வல்ஹஸ் என்றால் தெற்கிலும் மேற்கிலும் இருந்த அயலான். முதலில் கெல்ட்டியன், அதாவது ரோமானியருக்கு முன் மேற்கு ஐரோப்பாவில் பரவியிருந்த இனத்தான். பிறகு ரோமானியன்.

அது ஒரு குறிப்பிட்ட இனக்குழுவின் பெயரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. வோல்கே என்றொரு கெல்ட்டியக் கூட்டம் இருந்தது. ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்ஸ் பகுதியில் தான் நடத்திய போரைப் பற்றிய குறிப்புகளின் ஆறாம் பகுதியில் அவர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்களில் ஒரு பிரிவினர் ரைன் ஆற்றுக்கு அப்பால், ஹெர்சீனியக் காட்டை ஒட்டிய வளமான நிலத்தில் குடியிருக்கிறார்கள், நேர்மைக்கும் போர்த்திறனுக்கும் பேர்போனவர்கள் என்கிறார். ஜெர்மானியருக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் அவர்கள். பக்கத்திலிருந்த ஒரு குழுவின் பெயர் மெல்ல மெல்ல அந்தத் திசையில் இருந்த அத்தனை பேருக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. நமக்கு இது புதிதில்லை. ஆசியா மைனரின் கரையில் இருந்த அயோனியர் என்ற கிரேக்கப் பிரிவின் பெயர்தான் பாரசீகம் வழியாக வந்து நம் சங்கப் பாடல்களில் யவனர் ஆனது. புகாரிலும் முசிறியிலும் இறங்கிய யவனர் எல்லோருமா அயோனியர்?

வோல்கே எப்படி வல்ஹ ஆகும் என்று கேட்கலாம். ஒகரம் அகரமாகவும், ககரம் ஹகரமாகவும் மாறியிருக்கிறது. இது கணிதம் போல ஒழுங்கானது. லத்தீனில் எட்டுக்கு 'ஒக்தோ', ஜெர்மனில் 'அஹ்ட்'. அதே இரண்டு மாற்றங்களும் அங்கேயும் நடந்திருக்கின்றன. ககரம் ஹகரமானது, தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் 1822-இல் ஒழுங்குபடுத்திக் காட்டிய விதியில் அடங்கும். அந்த ஒலிமாற்றம் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் நடந்து முடிந்துவிட்டது. வோல்கே என்ற பெயரும் அதில் அகப்பட்டிருக்கிறது என்றால், சீசர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஜெர்மானியர் அந்தப் பெயரைத் தங்கள் வாயில் போட்டுக்கொண்டார்கள் என்றுதான் பொருள். நூல் இல்லாத காலத்தை ஒலி இப்படிக் காட்டிக்கொடுக்கிறது.

எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சுவீடனின் தென்பகுதியில் ஷுர்க்கோ என்ற தீவில் 1817-இல் கிடைத்த ஒரு தங்கப் பதக்கம். 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துகளில், ஹெல்டஸ் என்பவர் குனிமுண்டுக்காக 'வல்ஹ தானியத்தில்' எழுத்துகளைப் பொறித்தார் என்று இருக்கிறது. ரோமானியர் தேசத்துத் தானியம் என்றால் பொன். உருக்கிய ரோமானியத் தங்கத்தை அப்படிப் பாடியிருக்கிறான் அந்த வடநாட்டுக் கைவினைஞன். இந்தச் சொல்லின் வரலாற்றில் இவ்வளவு அழகாக அது வந்து நிற்கும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி பிரிட்டன். 5-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலரும் சாக்சனியரும் கடல் தாண்டி வந்தபோது, அங்கே ஏற்கெனவே வாழ்ந்த கெல்ட்டிய பிரிட்டன்களை 'வெயாலாஸ்' என்றார்கள். ஒருமையில் 'வெயால்ஹ்'. வந்தேறியவர்கள் மண்ணின் மக்களை அயலார் என்று அழைத்தார்கள். அந்தச் சொல்தான் இன்றைய வேல்ஸ், வெல்ஷ். தென்மேற்கு மூலையில் இருந்த பிரிட்டன்களின் நாடு கார்ன்வால், அதன் பின்பாதியும் இதே சொல்.

இதில் மனதைச் சுடும் பகுதி ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் வெயால்ஹ் என்ற சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் வந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த ஒரு பெண்பாற்சொல்லுக்கு அடிமைப்பெண் என்றே பொருள். எத்தனை பேரைப் பிடித்து வேலைக்கு வைத்திருந்தால் ஓர் இனத்தின் பெயர் அடிமைக்குப் பெயராகும்! 688 முதல் 726 வரை தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட இன் என்ற அரசனின் சட்டத் தொகுப்பு கிடைத்திருக்கிறது. கொலையுண்டவனின் குடும்பத்துக்குக் கொலையாளி தர வேண்டிய இழப்பீட்டை அது வகுத்துச் சொல்கிறது. ஆங்கிலக் குடியானவனின் உயிருக்கு 200 ஷில்லிங். ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் வைத்திருக்கும் வெயால்ஹுக்கு 120. நிலமே இல்லாதவனுக்கு 60.

அந்த மக்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள்? கம்ரி. நாட்டின் பெயரும் உச்சரிப்பில் அதுவே. பழைய கெல்ட்டியத்தில் 'ஒரே நிலத்துக்காரர்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் பேச்சில் 'ஊர்க்காரர்' என்று சொல்லும்போது இருக்கும் வாஞ்சை அதில் இருக்கிறது. எல்லையின் ஒரு பக்கம் நின்றால் அவர்கள் அயலார், மறுபக்கம் நின்றால் ஊர்க்காரர்.

ஆட்பெயர்களிலும் இது புகுந்துகொண்டது. வெல்ச், வால்ஷ், வாலஸ் மூன்றும் இதன் பிள்ளைகள். 1305-இல் லண்டனில் கொல்லப்பட்ட ஸ்காட்லாந்தின் விடுதலை வீரர் வில்லியம் வாலஸின் குடும்பப் பெயருக்கு மூலப்பொருள் அயலான், அதாவது பிரிட்டன் வழியினன்.

பிரான்ஸில் நடந்தது இன்னும் வியப்பு. சீசர் கைப்பற்றிய நாட்டுக்கு லத்தீனில் 'கல்லியா' என்று பெயர். பிரெஞ்சில் அதை 'கோல்' என்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் அங்கிருந்தே போயிற்று. கல்லியாதான் தேய்ந்து கோல் ஆனது என்று பார்த்தவுடன் தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் ஒலிவிதி ஒப்புக்கொள்ளாது. லத்தீனில் சொல்லின் முதலில் வரும் 'க' பிரெஞ்சில் 'ஜ' ஆகிவிடும். காலுக்கு லத்தீனில் 'கம்பா', பிரெஞ்சில் 'ஜாம்ப்'. அந்த வழியில் போயிருந்தால் கல்லியா 'ஜாய்' போன்ற ஒன்றாகத்தான் வந்திருக்கும். மாறாக, ஜெர்மானியச் சொற்களின் முதலில் வரும் 'வ' பிரெஞ்சில் 'க' ஆகும். வில்ஹெல்ம் அங்கே கியோம், போரைக் குறித்த 'வெர்ரா' அங்கே 'கேர்'. 'அல்' என்பது 'ஓ' ஆகும். வில்லோ மரத்துக்கு, பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் மொழியில் 'சல்ஹ', பிரெஞ்சில் 'சோல்'. சல்ஹ சோல் ஆனால், வல்ஹ? கோல்!

கோல் நாட்டவர் எங்கள் மூதாதையர் என்று பிரெஞ்சுப் பள்ளிப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். அந்த மூதாதையரின் நாட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர், வடகிழக்கிலிருந்து வந்து ஆண்ட பிராங்குகள் அந்த மக்களை 'அயலார்' என்று சுட்டிய சொல்.

ஜெர்மன் மொழிக்குள் அது 'வெல்ஷ்' என்று நிலைத்தது. எழுத்துக்கூட்டலில் ஒரு சிறு வேறுபாடு, அவ்வளவுதான். அங்கே அதற்குப் பொருள் இத்தாலியன், பிரெஞ்சுக்காரன், மொத்தத்தில் லத்தீன் வழி மொழி பேசுகிறவன். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசுவோர் பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதியை இன்றும் வெல்ஷ் நாடு என்கிறார்கள். பள்ளி முடித்த பெண்பிள்ளைகளை ஓராண்டு அங்கே ஒரு குடும்பத்தில் வேலைக்கும் மொழி பழகவும் அனுப்பும் வழக்கம் இருந்தது, அந்த ஆண்டுக்கே 'வெல்ஷ் நாட்டு ஆண்டு' என்று பெயர். அங்கே அது கசப்பில்லாத சொல். தென் டைரோலில் கதை வேறு. முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியோடு சேர்க்கப்பட்ட ஜெர்மன் மொழிப் பகுதி அது. அங்கே இத்தாலியரை 'வால்ஷ்' என்றால் வசை. புரியாத பேச்சுக்கு ஜெர்மனில் 'கௌடர்வெல்ஷ்' என்பார்கள்.

இந்த ஏளனம் புதிதும் இல்லை. காசல் நகரில் உள்ள 9-ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில், லத்தீனும் பவேரிய ஜெர்மனும் அடுத்தடுத்து எழுதிய ஒரு சொல்பட்டியல் இருக்கிறது. உடல் உறுப்பு, விலங்கு, வீட்டுச் சாமான் என்று போய்க்கொண்டிருக்கும் பட்டியலின் நடுவே ஒரு வாக்கியம்: ரோமானியர் முட்டாள்கள், பவேரியர் அறிவாளிகள். ரோமானியர் என்ற இடத்துக்கு நேரே ஜெர்மனில் 'வால்ஹ'. மொழி கற்கும் ஏட்டிலேயே அதை எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஜெர்மானியரிடமிருந்து இந்தச் சொல்லை ஸ்லாவியர் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய பிறகு, மதுரையை மருதை என்று நம்மவர் சொல்வது போல, உள்ளே ஒலிகள் இடம் மாறின. தெற்கு ஸ்லாவிய மொழிகளில் விளாஹ், போலிஷில் விவோஹ், கிழக்கே வோலோஹ். இந்த மூவகை மாற்றம் ஸ்லாவிய மொழிகளில் எங்கும் பார்க்கலாம். 814-இல் இறந்த பேரரசர் கார்லின் பெயர், நாம் சார்லமேன் என்று படித்தவர், ஸ்லாவியருக்கு 'அரசன்' என்ற பொதுச்சொல்லாகி, கிரால், குரூல், கரோல் என்று இதே தடத்தில் பிரிந்தது.

போலந்தில் இத்தாலிக்குப் பெயர் விவோஹி. 1518-இல் மிலானின் ஸ்ஃபோர்சா குடும்பத்துப் போனா போலந்து மன்னரை மணந்து அரசியாக வந்தார். அவரோடு இத்தாலியக் காய்கறிகளும் வந்தன என்று மரபாகச் சொல்வார்கள். கேரட், வோக்கோசு வேர், செலரிக் கிழங்கு, லீக் எல்லாம் சேர்த்துக் கட்டிய சூப்புக் காய்க் கட்டை இன்றும் போலந்துக் கடைகளில் 'விவோஷ்சிஸ்னா' என்று கேட்டு வாங்குகிறார்கள். இத்தாலியச் சரக்கு என்று பொருள். ஹங்கேரிய மொழி இன்னும் ஒரு படி போய் இந்த ஒரே சொல்லை இரண்டு முறை எடுத்துக்கொண்டது. இத்தாலியன் 'ஒலாஸ்', ருமேனியனுக்குப் பழைய பெயர் 'ஒலாஹ்'.

பால்கனில் சொல் மலையேறிவிட்டது. அங்கே லத்தீன் வழி மொழி பேசியவர்களில் பலர் ஆடு மேய்த்து மலைமலையாக நகர்ந்தவர்கள். பைசாந்திய வரலாற்றில் அவர்கள் தலைகாட்டுவதே 976-இல் ஒரு கொலையோடு: பல்கேரியத் தலைவர் சாமுவேலின் அண்ணன் தாவீதை வழிப்போக்கரான விளாஹ்கள் கொன்றார்கள் என்று வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்செஸ் எழுதுகிறார். பிறகு கிரேக்கத்தில் 'விளாஹோஸ்' என்றால் இடையன், அதன் பிறகு பட்டிக்காட்டான். குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரை நகரத்தார் மலைக்குப் பின்னால் இருந்து வருகிறவனை 'விளாய்' என்றார்கள், அவனும் அதே மொழி பேசினாலும். போஸ்னிய முஸ்லிம்களிடம் அது கிறிஸ்தவனுக்குப் பெயரானது. மொழியைக் குறித்த சொல் தொழிலைக் குறித்து, தொழிலைக் குறித்தது மதத்தைக் குறித்தது. சொல்லப்படுகிறவன் ஒவ்வோர் ஊரிலும் வேறு ஆள். சொல்கிறவன் மட்டும் எல்லா ஊரிலும் 'நாம் அவன் இல்லை' என்கிறான். இந்தச் சொல்லின் நிலையான பொருள் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வலாக்கியா மக்கள் தங்கள் நாட்டை ஒருபோதும் அப்படி அழைக்கவில்லை. அவர்களுக்கு அது ரோமானிய நாடு, தாங்கள் ரோமானியர். 1859-இல் மால்டேவியாவோடு இணைந்து உருவான நாட்டுக்கும் பின்னர் அந்தப் பெயரே நிலைத்தது.

பெல்ஜியத்தின் தென்பாதியில் பிரெஞ்சு பேசுவோர் வலோன்கள். வட பாதியில் டச்சு பேசுவோருக்கு அவர்கள் 'வாலன்'. லூவன் நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரெஞ்சுப் பிரிவு வெளியேற வேண்டும் என்று 1960-களில் மாணவர்கள் தெருவில் இறங்கி எழுப்பிய முழக்கம், 'வாலனே வெளியேறு'. 1968 பிப்ரவரியில் அதனால் நாட்டின் அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் அன்றைக்கும் அதே வேலையைச் செய்தது. வலோன்கள் மட்டும் அந்தப் பெயரைத் தங்களுடையதாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. 'வால்' என்று தொடங்குவதெல்லாம் இதன் உறவு என்று கிளம்பிவிடக் கூடாது. சுவர் என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் 'வல்லும்' என்ற அரணிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தை இதோடு சேர்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அது பள்ளத்தாக்கைக் குறிக்கும் லத்தீன் சொல். வடநாட்டுப் புராணத்தின் வல்ஹல்லா போரில் மாண்டவர்களின் மண்டபம், அது வேறு வேர்.

இப்போது கொட்டைக்கு வருவோம். வடக்கே ஜெர்மானியருக்குத் தெரிந்த கொட்டை ஹேசல்நட். தெற்கிலிருந்து பெரிய ஓடுடைய இன்னொன்று வந்தபோது, பிற்கால லத்தீன் அதைக் 'கல்லியக் கொட்டை' என்று அழைத்ததைப் பின்பற்றி, வல்ஹர் கொட்டை என்றார்கள். பழைய ஆங்கிலத்தில் 'வால்ஹ்-ஹ்னுட்டு', டச்சில் வால்னோட், ஜெர்மனில் வால்னுஸ். போலந்தில் அதே கொட்டை 'இத்தாலியக் கொட்டை', அங்கேயும் நம் சொல்லே. ரஷ்யர்களுக்கு அது கிரேக்கக் கொட்டை. நம் கடைகளில் கேட்கும் அக்ரூட் என்ற பெயர் இந்தி வழியாக வந்தது, அது தனிக்கதை. அயர்லாந்தில் 'கல்க்னோ' என்கிறார்கள். முன்பாதியில் இருக்கும் 'கல்' என்ற ஐரிஷ் சொல் முதலில் கல்லியரைக் குறித்து, பின்பு வைக்கிங், நார்மன், ஆங்கிலேயர் என்று வந்த அயலார் அனைவரையும் குறித்தது. வல்ஹஸின் கதை அப்படியே இன்னொரு வேரில்.

ஆங்கிலேயன் 'வெல்ஷ் கொட்டை' என்று சொல்லும் இதை வெல்ஷ்காரர்கள் என்னவென்று சொல்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அவர்கள் மொழியில் அது 'க்னெயென் ஃப்ரெங்கிக்'. ஃப்ரெங்கிக் என்றால் பிரெஞ்சு, அதாவது பிராங்குகளுடையது. கோல் நாட்டுக்காரரை வல்ஹர் என்று அழைத்தார்களே, அதே பிராங்குகள்தான். சிலுவைப் போர்க் காலத்தில் அரபியர் மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அந்த இனத்தின் பெயரால் 'இஃப்ரஞ்ச்' என்றார்கள். பாரசீகத்தில் 'ஃபிரங்கி', 1498-க்குப் பிறகு போர்ச்சுகீசியர் வந்திறங்கிய நம் கரையில் பறங்கி. வெல்ஷ்காரருக்கு வால்நட் என்பது பறங்கிக்கொட்டை.